மூலைக்காரன்

தம்பிக்குப் போடச் சட்டை தேடி மாடிக்கு வந்தவள், அவன் கட்டிலுக்கடியில் கையை விட்டுத் துழாவியபோது முதலில் அகப்பட்டது அந்தப் பெட்டிதான். அதை வெளியே இழுக்கவும் படியில் செருப்புச் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. கணவருடைய நடை. பெட்டியைத் திரும்ப உள்ளே தள்ளி, காலால் இன்னும் ஆழத்துக்கு உதைத்துவிட்டு, அலமாரியைத் திறந்துகொண்டு நின்றாள்.

“கிடைச்சுதா?” என்றார் அவர், பாதிப் படியிலிருந்தே.

“இதோ எடுத்துட்டு வரேன். நீங்க கீழ இருங்க.”

செருப்புச் சத்தம் நின்றது. கொஞ்சம் யோசித்தது போலிருந்தது. பிறகு இறங்கிப் போனது.

கீழே கூடத்தில் தம்பியைக் கிடத்தியிருந்தார்கள். விடியற்காலையில் இருமல் நின்று வீடு அமைதியானபோதுதான் அவள் திடுக்கிட்டு விழித்தாள். நுரையீரல் நோய். டாக்டர் போன மாதமே கையை விரித்துவிட்டதால் அழுகையில் பாதியை அவள் முன்பே அழுது தீர்த்திருந்தாள். இப்போது அவளுக்கு இருந்தது துக்கம் இல்லை, பயம்.

தம்பி கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவன். ஊருக்குத் தெரிந்த தொழில் அது. தெரியாதது இன்னொன்று இருந்தது. ஓவியர்களும் நாடகக்காரர்களுமாக நாலைந்து பேர் சேர்ந்து, அனுமதி எதுவும் வாங்காமல், எங்கோ ஒரு மொட்டைமாடி அறையில் கருவியை வைத்துக்கொண்டு டெலிவிஷன் சேனல் நடத்தினார்கள். சாயங்காலம் காலியாகக் கிடக்கும் அலைவரிசையில் புகுந்து எதையாவது காட்டிவிட்டு மறைந்துவிடுவார்கள். ஒருநாள் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் ஒருவர் ரயில் கால அட்டவணையைக் காதல் கடிதம் போல உருகி உருகி வாசித்தார். பார்த்தவர்கள் திட்டினார்கள். மறுநாளும் பார்த்தார்கள்.

எந்தச் சேனலுக்கும் திரை மூலையில் ஒரு சின்னம் இருக்கும், அது மாறாது. இந்தச் சேனலில் அது தினமும் மாறும். அந்த மூலைதான் தம்பியின் வேலை. பலகை எழுதுகிறவன் என்றாலும் அங்கே அவன் எதையும் வரைவதில்லை. கறுப்பு வெல்வெட் ஒட்டிய பெட்டிக்குள் ஒரு பொருளை வைப்பான். ஊக்கு, கடித்த பென்சில், சர்க்கரைத் துணுக்கை இழுத்துப் போகும் எறும்பு. மேலே சின்னக் கேமராவைப் பொருத்திப் படம் பிடித்து, கேசட்டைக் கொடுத்தனுப்புவான். சேனலுக்குப் பெயர் கிடையாது என்பதால் அன்றன்றைய மூலையே அதன் பெயர். ‘நேத்து ஊக்குச் சேனல் பாத்தியா?’ என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். கூட்டாளிகள் தம்பியை மூலைக்காரன் என்றார்கள். படிப்பு ஏறாதவன் என்று சின்ன வயதில் வாங்கிக் கட்டிக்கொண்டதற்கெல்லாம் பதிலாக அவனும் அக்காவிடம் சொல்லுவான்: “மூளை இல்லேன்னா என்னக்கா, மூலை இருக்கே.”

சிக்கல் என்னவென்றால், அவள் கணவர் அலைவரிசைத் துறையில் வேலை பார்த்தார். கூரையில் ஆன்டெனா சுழலும் வண்டியில் ஏறிக்கொண்டு, திருட்டு அலை எந்தக் கட்டடத்திலிருந்து வருகிறதென்று மோப்பம் பிடிப்பதுதான் உத்தியோகம். போன வருடத்திலிருந்து அவருக்கு இட்டிருந்த வேலை இந்தச் சேனல். பெயரே இல்லாத சேனல்மேல் வழக்கு எழுதச் சொல்கிறார்கள், என்ன பெயர் போடுவது என்று ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் புலம்பினார். எதிரே இருந்த தம்பி தலை நிமிராமலே, “எறும்புன்னு போடுங்க அத்தான், இன்னைக்கு அதுதானே வந்துச்சு” என்றான். அவளுக்குப் புரையேறிவிட்டது. கணவர் தண்ணீரை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். பிடிக்க வேண்டியவரும் பிடிபட வேண்டியவனும் ஒரே மேஜையில் சாப்பிட, நடுவில் பரிமாறிக்கொண்டே அவள் காலத்தைத் தள்ளினாள்.

சட்டையோடு கீழே வந்தபோது கூடம் நிரம்பியிருந்தது. கணவருடைய அலுவலகத்து ஆட்கள் மூன்று பேர் மலர்வளையத்தோடு வந்து சுவரோரம் நின்றார்கள். அவர்களைத் தாண்டி ஒரு பெண் உள்ளே வந்தாள். வெட்டிய தலைமுடி, தோளில் துணிப்பை. தம்பி கேமராக்காரி என்று சொல்லுவானே, அவள். கேசட் வாங்க வரும்போதெல்லாம் பலகைக்கு ஆர்டர் கொடுக்க வருகிறவள் மாதிரி நடித்துப் பழகியவள். தம்பியின் முகத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, யார் கண்ணிலும் படாமல் அக்காவின் பின்னாலேயே சமையலறைக்குள் நுழைந்தாள்.

“நேத்து போன்ல பேசினான். இன்னைக்கு மூலை ரெடி, வந்து எடுத்துக்கோன்னான்” என்றாள் அடங்கிய குரலில். “அதைப் போடணும் அக்கா. வேற எதுவும் வேணாம், அதை மட்டும்.”

இன்னொரு கூட்டாளி, தாடி என்று கூப்பிடுகிறவன், கருவியைத் தயார் செய்துவிட்டுக் காத்திருப்பதாகவும், அந்த அறையில் போன் கிடையாது என்றும் சொன்னாள். கூடத்தில் நிற்பது யாரென்று தெரியுமா உனக்கு என்று கேட்க அக்காவுக்கு வாய் வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு மறுபடி மாடி ஏறினாள்.

கட்டிலில் கணவர் உட்கார்ந்திருந்தார். மடியில் பெட்டி. ஒரு கையில் கேமரா, இன்னொரு கையில் அதிலிருந்து எடுத்த கேசட்.

அவள் கதவைச் சாத்தி, அதிலேயே சாய்ந்துகொண்டாள்.

“வெல்வெட் நீ ஒட்டினது” என்றார் அவர். “ஓரம் மடிச்சதைப் பாத்தாலே தெரியுது.”

திரைச்சீலை தைத்துப் பிழைக்கிறவள் அதை எப்படி மறுப்பாள்? கீழே யாரோ நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

“எப்பலேர்ந்து தெரியும் உங்களுக்கு?”

கோடையிலிருந்து என்றார். ஒருநாள் மூலையில் ஒரு பொத்தான் வந்ததாம். விளிம்பு உடைந்த பழுப்புப் பொத்தான். அலுவலகத்துப் பெரிய டிவியில் பிரிவு மொத்தமும் அதை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க, தன் கோட்டில் அந்தப் பொத்தான் இருக்க வேண்டிய இடத்தைக் கையால் பொத்திக்கொண்டு அவர்கள் நடுவில் அவர் நின்றிருக்கிறார். அடுத்த வாரமே பொத்தான் கோட்டுக்குத் திரும்பிவிட்டது. “நீ தைச்சிருந்தா அவ்வளவு கேவலமா இருக்காது” என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வரும்போல் இருந்தது. அடக்கிக்கொண்டாள்.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீ ஏன் சொல்லல?”

இருவரும் பெட்டியையே பார்த்தார்கள்.

அன்றிலிருந்து வண்டியை ஆற்றங்கரைப் பக்கமே ஓட்டிக்கொண்டிருந்ததாக அவர் சொன்னார். அங்கே சாயங்காலத்தில் நல்ல காற்றாம். துறையிலேயே தன்னைப் போல உதவாக்கரை கிடையாது என்று பெயர் வாங்கியாகிவிட்டதாம். சொல்லிவிட்டுக் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஆனா இன்னைக்கு வண்டில நான் இல்ல.”

அது அவளுக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. மைத்துனன் சாவுக்கு அவர் விடுப்பு. அவர் இடத்தில் புதிதாக வந்த கெட்டிக்காரன் ஒருவன் ஏறியிருக்கிறான். போதாததற்கு இரண்டாவது வண்டியும் கிளம்புகிறது. மலர்வளையம் கொண்டு வந்தவர்கள் ஆறுதலாக அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்: கவலையே படாதீங்க சார், இன்னைக்கு முடிச்சிடறோம்.

“குடுக்கறதா வேணாமான்னு நீயே முடிவு பண்ணு” என்று அவர் கேசட்டை நீட்டினார். “குடுத்தா சொல்லிக் குடு. அஞ்சு நிமிஷம். அதுக்கு மேல அங்க இருக்கக் கூடாது. கருவி போனா போகட்டும், ஆள் ஓடிடணும்.”

அவள் கேசட்டை இடுப்பில் செருகி, முந்தானையால் மூடிக்கொண்டு, அந்த மூன்று பேரையும் உரசாத குறையாகக் கடந்து போனாள். அவர்களில் ஒருவர் ஒதுங்கி வழிவிட்டார். சமையலறையில் கேமராக்காரியின் கையில் கேசட்டை வைத்து, அவர் சொன்னதை அப்படியே சொன்னாள். அந்தப் பெண் அதைத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டாள். கொல்லைக் கதவு வழியாக வெளியேறியவள் சந்து முனையில் ஓட ஆரம்பித்தாள்.

சாயங்காலமானதும் சவ வண்டி வந்து வாசலில் நின்றது. தூக்குகிறவர்கள் உள்ளே வந்தார்கள். எடுத்துவிடலாம் என்று பெரியப்பா எழுந்தார். அப்போது கணவர் கூடத்து மூலைக்குப் போய், சாவு வீடென்று போர்த்தி வைத்திருந்த துணியை விலக்கி, டிவியைப் போட்டார்.

“சாவு வீட்டுல டிவியா? உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?” என்றார் பெரியப்பா.

“ஒரு நிமிஷம் பெரியப்பா.”

அலுவலகத்து ஆள் பக்கத்தில் நின்றவரிடம் குனிந்து, இன்னைக்குக்கூட டூட்டியை விடமாட்டேங்கறாரு பாருங்க என்றார், மரியாதையோடு.

திரையில் புள்ளிகள் இரைந்தன. பிறகு ஒரே கறுப்பு. அந்தக் கறுப்பின் வலப்பக்க மூலையில், கட்டைவிரல் அளவுக்கு, ஒரு கண்ணாடித் துண்டு.

அது மங்கியது. ஓரத்திலிருந்து மெல்லத் தெளிந்தது. மறுபடி மங்கியது.

என்னது இது என்று யாரோ கேட்டார்கள். பனி மாதிரி இருக்கு என்றது இன்னொரு குரல். அவளுக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. நீளமாக ஒன்று, நடுவில் ஒரு திணறல், பிறகு அவசரமாக ஒன்று. சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு மாதக்கணக்காக அவள் கேட்ட தம்பியின் மூச்சு கண்ணாடியில் படிந்தது. கண்ணாடி தெளியும்போதெல்லாம் அடுத்தது வருமா என்று அவள் நெஞ்சு நின்றது. வந்தது. நாலடி தள்ளி, புதுச் சட்டையோடு அவன் படுத்திருந்தான்.

கணவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். ஐந்து நிமிடம் ஆகிவிட்டது. கண்ணாடி மங்கிக்கொண்டுதான் இருந்தது. அலுவலகத்து ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். இந்நேரம் வண்டிகள் நெருங்கியிருக்கும். நிறுத்து, நிறுத்திட்டு ஓடு என்று அவள் உதடு முணுமுணுத்தது. கண்ணாடி தெளிந்தது. இன்னும் ஒன்று என்றும் அதே உதடு கேட்டது. கணவரின் கை டிவியின் மேல்விளிம்பை இறுகப் பிடித்திருந்தது. இன்னும் ஒன்று வந்தது. அதற்கு அடுத்தது, நீளமான ஒன்று, கண்ணாடியைப் பாதி மூடியிருந்தபோது திரை முழுக்கப் புள்ளிகளாகச் சிதறியது.

சிறிது நேரத்தில் கூடத்து போன் அடித்தது. அலுவலகத்து ஆள் ஒருவர் கையை நீட்டினார். அதற்கு முன் கணவர் எடுத்துவிட்டார்.

“ம். ம். கருவி மட்டுந்தானா? ஆள் ஒருத்தரும் இல்லையா?” நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “சரி. பாத்துக்கலாம்.”

போனை வைத்தார். ஏமாந்துபோன மூன்று முகங்களையும் பார்க்காமல், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு தம்பியின் தலைமாட்டுக்குப் போய் நின்றார்.

“தூக்கலாம்” என்றார். குனிந்து, தானே முதலில் கையைக் கொடுத்தார்.

கூட்டம் வாசலை நோக்கி நகர்ந்தது. கூடத்தில் அவள் மட்டும் நின்றாள். டிவியை அணைத்தாள். கீழே கிடந்த துணியை எடுத்து உதறினாள். போர்த்துவதற்கு முன், புறங்கையைத் திரையில் வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. வெளியே அவளைக் கூப்பிட்டார்கள். அவள் கையை எடுக்கவில்லை.