முப்பது விநாடி

“இன்னும் எவ்வளவு நேரம்மா?” சித்தப்பா மூன்றாவது முறையாக அறைக்குள் எட்டிப் பார்த்தார். “நாலு மணிக்கு வண்டி வந்துடும். உங்க அப்பா கூடத்துல காத்திருக்காரு.”

“அவருக்கு இனிமே என்ன அவசரம், சித்தப்பா?” என்றாள் மகள், கீபோர்டிலிருந்து கையெடுக்காமல்.

நடந்தது இதுதான். விடியற்காலையில் அப்பா கணினியில் ஒரு அப்டேட்டை ஓடவிட்டுப் போய்ப் படுத்தார், எழுந்திருக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நாற்காலி போடுகிறேன் பேர்வழி என்று அம்மா கணினியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். எல்லாவற்றையும் சேமித்து வைத்திருந்த வட்டு கெட்டது. லினக்ஸைக் கிளப்பிவிடுகிற கிரப்பும் போயிற்று. கறுப்புத் திரையில் ஒற்றை வரிதான் மிச்சம்.

கணினியைப் பென்டிரைவிலிருந்து இயக்கி, அவர் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கும் படத்தை மகள் அப்போதே எடுத்துக் கொடுத்துவிட்டாள். அது சவப்பெட்டிமேல் ஏறிவிட்டது. அம்மாவுக்குத்தான் போதவில்லை.

“பிளக்க மட்டும் பிடுங்காதேன்னு அந்த மனுஷன் தலபாடா அடிச்சுக்கிட்டாரு. செத்த அன்னைக்கே பிடுங்கிட்டேனே, பாவி! இது ஓடாம அவர அனுப்ப மாட்டேன்.”

“அழாதம்மா. வட்டச் சரிபண்ணிட்டேன். கிரப்ப மறுபடி போடணும், அவ்ளோதான்.”

போட்டாள். வட்டில் போடவேண்டியதைப் பென்டிரைவிலேயே போட்டுத் தொலைத்தாள். அப்பா இருந்திருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார். “அட மக்கு!” என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்த முறை பார்த்துப் போட்டாள். பென்டிரைவை உருவிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கினாள்.

வாசலில் ஹார்ன் அடித்தது.

திரையில் கிரப்பின் பட்டியல் வந்தது. அதன் அடியில், லினக்ஸ் தானாகக் கிளம்புவதற்கு அப்பா வைத்திருந்த அவகாசம் இறங்கத் தொடங்கியது: முப்பது, இருபத்தொன்பது.

“வந்துடுச்சும்மா!” என்று கத்தினாள் மகள். “மூணு செகண்ட் போதும்ப்பான்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன். கேட்டாத்தானே?”

“அந்த முப்பது செகண்டுதான்டி அவரு ஸ்க்ரீன விட்டு எம்பக்கம் திரும்புவாரு. சாப்ட்டியா, முட்டி வலி எப்படி, எல்லாம் அதுக்குள்ள கேட்டாகணும். நான் பதில் சொல்ல வாயத் திறந்தா மறுபடி திரும்பிப்பாரு!” சொல்லும்போதே அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“என்டரத் தட்டினா உடனே கிளம்பிடும்ல, தட்டும்மா, வண்டி வந்தாச்சு” என்று பறந்தார் சித்தப்பா.

மகள் கீபோர்டைத் தள்ளி வைத்தாள். அம்மா நாற்காலியைக் கூடத்தின் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

“முட்டி வலி இப்பப் பரவாயில்லைங்க” என்று ஆரம்பித்தாள்.

திரையில் இன்னும் பதினொரு விநாடி இருந்தது.