குகையில் வளர்ந்த லிங்கம்

சனிக்கிழமை காலை ஜார்ஜ் டவுன் பசாரில் பூவும் பாலும் வாங்கிக்கொண்டு காரில் ஏறினாள் தேன்மொழி. கல்யாணமாகி இத்தனை வருடமாகியும் அவளுக்குப் பிள்ளையில்லை. வடக்கே மழைக்காட்டுப் பூங்காவில், சுண்ணாம்புக்கல் குகைக்குள் சுயம்புலிங்கம் இருக்கிறதாம். பாலூற்றிக் கும்பிட்டால் வரம் கிடைக்குமாம். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய படம்தான் அத்தாட்சி! அவள் நினைத்தது அபிஷேகம். கணவன் புவனேஸ்வரனின் பையிலோ சுத்தியல் இருந்தது.

குகைக்குள் வௌவால் எச்சத்தின் நாற்றம் மூக்கைத் துளைத்தது. மேலிருந்து சொட்டிய நீர் தரையில் முழ உயரத்துக்குக் கல்லாகி நின்றது. பார்த்தால் லிங்கமேதான். தேன்மொழி கைகூப்புவதற்குள் அவன் சுத்தியலை எடுத்துவிட்டான்.

“ஐயோ, என்னங்க இது?”

“நம்ம வீட்டு வாசல்லயே வச்சுக் கும்பிடலாம் லா. தள்ளு!”

பூங்காக் காவலர் தங்கராஜு ஓடிவந்தார். “தம்பி, கைய வைக்காதீங்க! சொட்டுச் சொட்டா வளர்ற கல்லு அது. இன்னும் வளர்ந்துக்கிட்டுதான் இருக்கு.”

“சாமிய எடுக்கக் கூடாதுன்னு சொல்ல நீ யாருய்யா?”

நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். தங்கராஜுவின் தலை பாறையில் மோதியது. நெற்றி கிழிந்து இரத்தம் கண்ணில் வழிந்தது. எழ முயன்றவரை வயிற்றிலேயே உதைத்தான். பக்தியாம் பக்தி! சாமி பெயரைச் சொல்லி மனிதனை மிதிக்கிறவனை என்னவென்று சொல்வது?

அவன் சுத்தியலை ஓங்கினான். தேன்மொழி பாய்ந்து கல்லைக் கட்டிக்கொண்டாள். ஓங்கிய கை நிற்கவில்லை. அடி அவள் விரல்களில் விழுந்தது. அவள் அலறலில் வௌவால்கள் சிதறிப் பறந்தன. கல்லின் மேல் பாலுக்குப் பதில் அவள் இரத்தம் வழிந்தது.

சுத்தியல் அவன் கையிலிருந்து நழுவியது. “தேனு... உனக்காகத்தானே...”

“எனக்காகவா? வளர்ற ஒன்ன உடைச்சுப்புட்டு, என் வயித்துல ஒன்னு வளரணும்னு எந்த வாயால கேப்பீங்க? சாமிய இருக்கிற எடத்துல கும்பிடணும். பேத்து எடுத்துக்கிட்டுப் போறது பக்தி இல்லீங்க, திருட்டு!”

அவன் அழுதுகொண்டே அவள் கையைப் பிடிக்க வந்தான். அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“என் கைய அப்புறம் பாருங்க. மொதல்ல அந்த அண்ணனத் தூக்குங்க. புள்ள வரம் கேட்டு வந்த எடத்துல, ஒருத்தி பெத்த புள்ளயப் போட்டு மிதிச்சிருக்கீங்களே!”