நின்றால் நடுங்கும் வண்டி

காலை மடக்கினால்தான் கதவு மூடியது. செங்கமலம் பின்சீட்டின் ஓரத்தில் ஒண்டி உட்கார்ந்து, நைனாவின் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். அவள் மாமன் எல்லப்பன் மறுபக்கம் வந்து அவருடைய முழங்கால்களை மெல்ல மடித்தான். வெளியே தொங்கிய வேட்டி முனையை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினான். ஆஸ்பத்திரி ஆள் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டே, "இன்னா காரு சார் இது?" என்று கேட்டான். ஆளை ஏற்றி முடித்ததும் அவன் கண் முழுக்கக் காரில்தான் இருந்தது.

"ஜப்பான் காரு. டெம்ப்ரவரி," என்றான் எல்லப்பன்.

யார் கேட்டாலும் அவன் அப்படித்தான் சொல்வான். ஸ்ரீபெரும்புதூர் ஸ்டாண்டில் அவன் ஓட்டுவது அம்பாசடர் டாக்சி. அது என்ஜின் இறங்கி, பூந்தமல்லி ஒர்க்‌ஷாப்பில் பல் பிடுங்கிய வாயோடு நின்றுகொண்டிருந்தது. அது ஆகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது என்று, ஊருக்குத் திரும்பிப் போன வெளிநாட்டு என்ஜினியர் ஒருவர் விட்டுச்சென்ற இந்தக் காரை ஒரு புரோக்கர் மூலம் பிடித்தான். கரும்பச்சை நிறம். பின்னால் 'டர்போ' என்று இங்கிலீஷில் எழுதியிருக்கும். கால் வைத்தால் பறக்கும். ஆனால் ஒருத்தரும் வாடகைக்குக் கூப்பிடவில்லை. கல்யாணக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, குனிந்து ஏற வேண்டும், ஏழு பேர் உட்கார முடியாது என்று போய்விட்டார்கள். பெட்ரோலைத் தண்ணீர் மாதிரி குடித்தது. ஒரு ஆணி கழன்றால் மெட்ராஸ் முழுக்கத் தேட வேண்டும். என்ஜினைத் தாங்குகிற ரப்பர் நைந்துபோய், மாற்ற வேறு கிடைக்காமல், நின்றால் காய்ச்சல் கண்டவன் மாதிரி வண்டி நடுங்கும். ஓட ஆரம்பித்துவிட்டால் ஒரு அசைவு இருக்காது.

அம்பாசடர் நேற்றுத் தயாராகிவிட்டது. நாளைக்கு இதை வாங்க ஆள் வருகிறார்கள்.

"புள்ள, தலைய நல்லாப் புடிச்சிக்க. வுட்டா பறக்கும்," என்றான் எல்லப்பன்.

நைனா கண்ணைத் திறந்தார். மஞ்சள் பூத்த கண். "எல்லப்பா," என்றார்.

"சொல்லு மச்சான்."

"வூட்டுக்குத்தான?"

"பின்ன, மகாபலிபுரத்துக்கா இட்டுனு போவேன்? வூட்டுக்குத்தான். கம்முனு படு."

நைனாவின் உதடு லேசாகக் கோணியது. சிரித்தாரோ என்னவோ.

டாக்டர் காலையில் எல்லப்பனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதைச் செங்கமலம் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டாள். வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள், இன்றைக்குத் தாங்கினால் பெரிது என்றார். அதிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்புதான். மூச்சோடு வாசலைத் தாண்டிவிட வேண்டும்.

வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் அவர்கள் ஊரில் அப்படி ஒரு கட்டு. வெளியில் செத்த உடம்பு ஊருக்குள் வராது. ஏரிக்கரைப் புளியமரத்தடியில் போட்டு, அங்கேயே குளிப்பாட்டி, அங்கிருந்தே எடுத்துவிடுவார்கள். நான்கு வருடம் முன்னால் பெரியப்பா நாகப்பனின் மகன் தணிகாசலம் லாரியில் அடிபட்டுப் போனபோது அப்படித்தான் செய்தார்கள். பெரியம்மா பாப்பம்மாள் தெருவில் விழுந்து புரண்டு, ஒரு தடவை வூட்டுக்குள்ள கொண்டாந்துட்டு எடுத்துனு போங்க என்று கதறினாள். ஊருக்குப் பெரிய மனுசர் நாகப்பன்தான். அவர் வாயைத் திறக்கவில்லை. நைனாதான் குறுக்கே நின்று, "உன் கட்டு உன் புள்ளய விடப் பெருசா? நீயெல்லாம் ஒரு அப்பனா?" என்று அத்தனை பேர் எதிரில் கேட்டார். அன்றிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. இந்தத் தை மாதம் நைனா புதுவீடு புகுந்தபோதுகூட அவர் வரவில்லை. ஒரகடம் ரோட்டில் போல்ட் கம்பெனியில் ஓ.டி. பார்த்துப் பார்த்துக் கட்டிய தளம் போட்ட வீடு. சுவரில் இன்னும் சுண்ணாம்பு வாசனை போகவில்லை.

பெத்த பிள்ளைக்கே அவிழ்க்காத கட்டைப் பேசாத தம்பிக்காக அவர் அவிழ்ப்பாரா? அவிழ்க்க மாட்டார். செங்கமலத்துக்குத் தெரியும்.

பூந்தமல்லியில் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன. கார் நின்றதும் நடுக்கம் வந்தது. கண்ணாடி நடுங்கியது, கதவுக் கைப்பிடி நடுங்கியது, நைனாவின் மார்பில் போர்த்தியிருந்த ஈரிழைத் துண்டு நடுங்கியது.

"மாமா, நைனாவுக்குக் குளுருது."

"குளுரும் இல்ல ஒண்ணும் இல்ல. வண்டி அது." எல்லப்பன் ஹார்னை அமுக்கிப் பிடித்தான். முன்னால் ஒரு மாட்டுவண்டிக்காரன் திரும்பிப் பார்த்து, "ஏம்பா, பறந்து போயேன்!" என்றான். "வழிய வுட்டா பறப்பேன்டா, ஒன் மாட்ட மொதல்ல எழுப்பு!" என்று எல்லப்பன் கத்தினான். கத்திவிட்டு ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தான்.

வழி கிடைத்ததும் கார் முன்னால் பாய்ந்தது. முதலில் ஒன்றுமில்லாதது போல இருந்து, பிறகு யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளியது போலச் சீட்டோடு அழுத்தியது. உள்ளே எங்கோ மெல்லிய விசில் கேட்டது. நடுக்கம் மாயமாய்ப் போனது. செம்பரம்பாக்கம் ஏரி ஜன்னலில் ஒரு வெள்ளைக் கோடாக வந்து போயிற்று. பஸ்களும் லாரிகளும் பின்னால் பின்னால் விழுந்தன. செங்கமலம் காலடியில் வைத்திருந்த டம்ளர் தண்ணீரில் துணியை நனைத்து நைனாவின் உதட்டில் வைத்தாள். அவர் சப்பினார்.

"எங்க வந்துகிறோம்?" என்று கேட்டார்.

"செம்பரம்பாக்கம் தாண்டியாச்சு நைனா."

"சீக்கிரம்தான் போறான்."

இந்தக் காரை அவருக்குப் பிடிக்கும். எல்லப்பன் சாயங்காலங்களில் வீட்டுக்கு ஓட்டிவந்து நிறுத்தினால், ஷிப்ட் முடிந்து வந்த உடம்போடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வார். வந்ததும் என்ஜினை அணைக்க மாட்டான் எல்லப்பன். உள்ளே ஒரு சின்னக் காற்றாடி நெருப்பாய்ச் சுற்றிக்கொண்டிருக்கும், சட்டென்று அணைத்தால் எண்ணெய் போகாமல் கருகிவிடும், கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு ஆறின பிறகுதான் அணைக்க வேண்டும் என்று என்ஜினியர் சொல்லிவிட்டுப் போயிருந்தாராம். மாமனும் மச்சானும் நடுங்குகிற காருக்குள் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அம்மா கோவிந்தம்மா வாசலில் நின்று, "இன்னா, ரெண்டு மாப்பிள்ளையும் ஆலாத்தி எடுத்தாத்தான் எறங்குவீங்களா? பெட்ரோலு யார் வூட்டு சொத்து?" என்பாள். நைனா கண்ணாடியை இறக்கி, "ஆறட்டும்டி, ஆறட்டும்," என்பார்.

ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் போலீஸ் தடுப்பு. மே மாதம் அங்கே குண்டு வெடித்ததிலிருந்து அந்த ரோட்டில் செக்கிங் ஓயவில்லை. வெளிநாட்டுக் கார் என்றால் விடவே மாட்டார்கள். கான்ஸ்டபிள் கை காட்டினார். கார் நின்றது, நடுங்கியது.

"யார் வண்டி?"

"என்துதான் சார். டெம்ப்ரவரி."

"அது இன்னாய்யா டெம்ப்ரவரி? டிக்கியத் தொற."

"சார், உள்ள பேஷண்ட் சார். கடைசி மூச்சுல வூட்டுக்கு இட்டுனு போறேன். கும்புடறேன் சார்."

கான்ஸ்டபிள் குனிந்து பின்சீட்டைப் பார்த்தார். செங்கமலம் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். யூனிபாரம் போட்டவர் எதிரில் அவளுக்கு நாக்கு எழாது. ஒன்பதாவதில் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து வேற்று மனிதர் யாரிடமும் எழாது. கவிழ்ந்த கண்ணுக்கு நைனாவின் மார்பில் துண்டு அசைவது தெரிந்தது. கான்ஸ்டபிள் அதைப் பார்த்தார், அவளும் அதைப் பார்த்தாள்.

"போ, போ. சீக்கிரம் போ," என்றார் கான்ஸ்டபிள்.

கார் ஸ்ரீபெரும்புதூருக்குள் நுழைந்து, இடது பக்கம் ஒரகடம் ரோட்டில் திரும்பி, வேகம் எடுத்தது. விசில் கேட்டது. நடுக்கம் நின்றது.

துண்டும் நின்றது.

செங்கமலம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பள்ளம் வந்தால் அசைந்தது. பள்ளம் போனதும் அப்படியே கிடந்தது. அவள் புறங்கையை நைனாவின் மூக்கருகே கொண்டுபோனாள். திறந்த ஜன்னலிலிருந்து வந்த காற்றுதான் பட்டது. கண்ணாடியை ஏற்றினாள். மறுபடி வைத்தாள்.

ஒன்றும் படவில்லை.

நெற்றி சூடாகத்தான் இருந்தது. ஈரத்துணி உதட்டில் அப்படியே இருந்தது.

"எப்பிடிக் கீறாரு?" என்றான் எல்லப்பன்.

அவள் துணியை எடுத்துக் காலடியில் போட்டாள். பாதி திறந்திருந்த கண்களை உள்ளங்கையால் தடவி மூடினாள். வாயை அழுத்தி, தாடைக்குக் கீழே தன் கையைக் கொடுத்துக்கொண்டாள்.

"தூங்கறாரு," என்றாள்.

எல்லப்பன் கண்ணாடியில் பார்த்தான். அவன் கண் மட்டும் அதில் தெரிந்தது. அது அவளிடம் வந்து, நைனாவிடம் போய், மறுபடி அவளிடம் வந்தது. பிறகு ரோட்டுக்குப் போய்விட்டது. காலை இன்னும் அழுத்தினான். புளியமரங்கள் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடின. இனி எதற்கு இந்த வேகம் என்று அவள் கேட்கவில்லை.

ஏரிக்கரைத் திருப்பத்தில் ஆட்கள் நின்றிருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் போட்டது கூட்டுறவுக் கடை வழியாக ஊருக்கு வந்திருந்தது. புளியமரத்தடியில் ஒரு பெஞ்சு தயாராகக் கிடந்தது. அதைப் பார்த்ததும் செங்கமலம் தாடைக்குக் கொடுத்த கையை இன்னும் அழுத்திக்கொண்டாள். பெரியப்பா நாகப்பன் தோளில் துண்டோடு நடுரோட்டில் நின்று கையை உயர்த்தினார்.

கார் நின்றது. நடுங்க ஆரம்பித்தது.

"உசுரு கீதா?" என்றார் நாகப்பன்.

"கீது," என்றான் எல்லப்பன். முன்னால் பார்த்தபடியே சொன்னான்.

"வண்டிய அணை. பாக்கணும்."

"அணைக்கக் கூடாது பெரியவரே. ஓடியாந்த சூடு. சட்டுனு அணைச்சா கருகிப்பூடும்."

"நல்ல வண்டி வாங்கினடா," என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை.

நாகப்பன் பின்கதவைத் திறந்தார். தம்பியின் மடித்த காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். துண்டு மெல்லிசாக அசைந்துகொண்டிருந்தது. அவர் உள்ளே குனிந்து, அகலமான கையைத் துண்டின்மேல், மார்பில் வைத்தார்.

செங்கமலம் மூச்சை அடக்கிக்கொண்டாள். அவள் பேசாமலிருந்தால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. அவள் எப்போதும் பேசாதவள். நைனாவின் தாடைக்கு அடியில் அவள் கை விறைத்துப்போயிருந்தது. பெரியப்பா கையை எடுக்கவில்லை. உழுது காய்த்த கை, அதற்கு எது நடுக்கம் எது மூச்சு என்று தெரியாமலா போகும்? அவர் கண் அவள் முகத்துக்கு வந்தது. பிறகு, தாடைக்கு முட்டுக் கொடுத்திருந்த அவள் கைக்கு இறங்கியது. அங்கேயே நின்றது.

ஏரிப்பக்கம் ஒரு கொக்கு எழுந்து போனது.

"கீது," என்றார் நாகப்பன். பிறகு நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "உசுரு கீது. நேரா வூட்டுக்கு வுடு. வழி வுடுங்கடா!"

வாசலில் நாலு பேர் தூக்கினார்கள். தலைப்பக்கம் நாகப்பன் பிடித்தார், வேறு யாரையும் விடவில்லை. நிலைப்படியில் தம்பியின் தலை இடிக்காமலிருக்கத் தன் கையைக் குறுக்கே கொடுத்துக்கொண்டு போனார். கூடத்தில் பாய் விரித்திருந்தது. கோவிந்தம்மா பால் டம்ளரோடு வந்து மண்டியிட்டு, "இந்தாய்யா, நம்ம வூட்டுக்கு வந்துட்ட, ஒரு வாய் குடி," என்றாள். பால் கடைவாய் வழியாகக் கழுத்தில் இறங்கியது. அவள் அதைத் துடைத்தாள். மறுபடி ஊற்றினாள். மறுபடியும் இறங்கியது. டம்ளர் கையிலிருந்து உருண்டது.

"போய்ட்டான்மா," என்றார் நாகப்பன். "இப்பத்தான். வூட்டுக்குள்ள."

அழுகை எழுந்தது. பாப்பம்மாள் ஓடிவந்து கோவிந்தம்மாவைக் கட்டிக்கொண்டாள். பெண்கள் தலைமாட்டில் குழுமினார்கள். செங்கமலத்துக்கு அங்கே உட்கார இடமிருந்தது, உட்கார முடியவில்லை. விறைத்த கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

கார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எல்லப்பன் இறங்கவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகம் நனைந்திருந்தது, துடைக்கவில்லை. பின்சீட்டுக் காலடியில் அவள் வைத்துவிட்டு வந்த டம்ளரில் தண்ணீர் வட்டம் வட்டமாக அதிர்ந்தது.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. நாகப்பன். மேளத்துக்கும் மூங்கிலுக்கும் ஆள் அனுப்ப வந்தவர், காரைப் பார்த்து நின்றார்.

"இன்னும் அணைக்கலியா?"

எல்லப்பன் சாவிக்குக் கையைக் கொண்டுபோனான். "இதோ, அணைச்சுடறேன்."

"இரு."

நாகப்பன் பின்கதவைத் திறந்தார். பழக்கமில்லாத அளவுக்குக் குனிந்து, தலையை உள்ளே நுழைத்து, தம்பி படுத்திருந்த இடத்தில் உட்கார்ந்தார். கதவைத் தானே இழுத்துச் சாத்திக்கொண்டார். பக்கத்தில் காலியாகக் கிடந்த சீட்டின்மேல் தம்பியின் மார்பில் வைத்த அந்தக் கையை விரித்து வைத்தார்.

"கொஞ்ச நேரம் ஓடட்டும்," என்றார்.

எல்லப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்ரோல் முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே போய்க் கிடந்தது. சாவியில் வைத்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.