பட்டாளத்துக் குழி

இசக்கியப்பன் மண்வெட்டியை ஓங்கிவிட்டார். ஜேசுபாதம் ஊன்றுகோலைக் குறுக்கே நீட்டினார்.

“நீங்க வெட்டப்படாது அண்ணாச்சி. இங்கன பட்டாளத்தான் குழியைப் பட்டாளத்தான்தான் வெட்டணும்.”

“எந்தப் பட்டாளத்தான்? எல்லாப் பயலும் உள்ள கெடக்கான். நீரு ஒருத்தருதான் மிச்சம். எங்க, இறங்கி வெட்டும் பாப்போம்.”

ஜேசுபாதம் தன் காலைப் பார்த்தார். ஆபரேஷன் செய்த முழங்கால் ஒரு படிகூட இறங்காது.

வீட்டில் இசக்கியப்பனின் தம்பி முத்துச்செல்வம் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தான். நாலு மணிக்குள் குழி ஆகாவிட்டால் தூத்துக்குடி மின்மயானம்தான் என்று அவன் மகன் சொல்லிவிட்டான். “அங்க விட்டுராதிய அத்தான். அவிய வாயத் திறந்து கேட்டது அந்த ஒரு இடந்தான்” என்று தம்பி பெண்டாட்டி சண்முகத்தாய் அழுதாள்.

தருவைகுளத்துக்கு மேற்கே, உப்பளம் முடிகிற இடத்தில் இருபத்திரண்டு மேடுகள். பர்மாச் சண்டையிலிருந்து திரும்பியவன் ஒருவன் காலராவில் செத்தபோது சுடுகாட்டுக்காரனும் விடவில்லை, மாதா கோயில் கல்லறைக்காரனும் விடவில்லை. குழி வெட்டுகிறவனும் ஓடிவிட்டான். கூட வந்த சிப்பாய்கள் இரண்டு பேர் தாங்களே வெட்டி, உடுப்போடு புதைத்தார்கள். அன்றைக்கு விழுந்த வழக்கம். இங்கே சாதியும் மதமும் கேட்பதில்லை; உடுப்பைத்தான் கேட்பார்கள்.

அந்தப் பேச்சுதான் இசக்கியப்பனுக்குக் கசக்கும். ஆள் எடுப்புக்கு அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் போனார்கள். அண்ணனுக்கு நெஞ்சு அரை இஞ்ச் குறைவென்று தள்ளிவிட்டார்கள். நாடாவை இறுக்கிப் பிடித்துவிட்டான் திருட்டுப்பயல் என்று ஐம்பது வருஷமாகச் சொல்லிவருகிறார். தம்பி எல்லைக்குப் போனான். அவர் உப்பு வாரப் போனார்.

ஜேசுபாதம் பையிலிருந்து முத்துச்செல்வத்தின் பட்டாளத்துப் பச்சைச் சட்டையை எடுத்தார். அவனுக்குப் போட்டுவிட, இஸ்திரி போட்டு வாங்கி வந்தது.

“இதைப் போட்டுட்டு இறங்குங்க.”

“போட்டா நான் பட்டாளத்தான் ஆயிருவனாக்கும்? யார ஏமாத்துதீரு?”

“ஆள யாரையும் இல்ல அண்ணாச்சி. ரூல்ஸத்தான்.”

இசக்கியப்பன் சட்டைக்குள் கையை நுழைத்தார். பித்தான் போட்ட பிறகும் நெஞ்சில் நாலு விரல் தொளதொளத்தது. கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார்.

“அளந்தவன் சரியாத்தான் அளந்திருக்கான்” என்றார்.

நாலடியில் உப்புத் தண்ணீர் கசிந்தது. அதோடு நிறுத்தி மேலே ஏறினார். மணி மூன்றரை.

வீட்டில் பெட்டியைத் திறந்தார்கள். இசக்கியப்பன் சட்டையைக் கழற்றினார். “நனைஞ்சு போச்சே, வேற சட்டை எடுக்கட்டா அத்தான்?” என்றாள் சண்முகத்தாய்.

“ஏளா, சும்மா இரி.”

வேர்வைச் சூடு ஆறாத சட்டையைத் தம்பிக்கு மாட்டிவிட்டார். பித்தான்களைக் கீழிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தார். நெஞ்சில் சரியாகப் பிடித்தது.