கேன்சர் இல்லையாம்

தேவனாம்பட்டினத்தில் மீன் விற்கும் லோகநாயகிக்குப் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் செய்த பிறகுதான் எல்லாம் தொடங்கியது. பித்தநீர் இறங்கும் குழாய் உள்ளே சுருங்கிப்போனது. கண் மஞ்சளானது. உடம்பெல்லாம் அரிப்பு, தூக்கத்திலேயே சொறிந்து ரத்தம் வரவைத்துக்கொள்வாள். மறுபடி வயிற்றைத் திறந்து, குடலை ஈரலோடு சேர்த்துத் தைத்தார்கள். அந்த இடமும் சுருங்கியது. கடைசியில் விலாவில் துளையிட்டுக் குழாய் வைத்து, பித்தநீரை வெளியே ஒரு பையில் இறங்கவிட்டார்கள்.

"கேன்சர் இல்லையாமே, அப்புறம் இன்னா பயம்?" என்றார்கள் பார்க்க வந்தவர்கள்.

பையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு மீன் விற்கப் போனாள். கூடையை இறக்கும்போது ஒருநாள் பை நழுவி, ஒரு வீட்டு வாசலில் கொட்டிவிட்டது. அதோடு வியாபாரத்தை விட்டாள்.

2011 ஐப்பசியில் சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் ஞானசேகரன் ஒரு வழி சொன்னார். "வாய் வழியா டியூப் விடுவோம். அது முனையிலயே ஸ்கேன் இருக்கும். இரைப்பைக்குள்ள இருந்து பாத்து, ஈரல்ல இருக்கற பித்தக் குழாய்க்குத் துளை போட்டு, உள்ளுக்குள்ளயே சின்னக் குழாய் வச்சிடலாம். பை வேணாம்."

"சரியாயிடுங்களா சார்?" என்று கேட்டான் அவள் புருஷன் சாமிக்கண்ணு.

"அடைக்காம இருந்தா நல்லா இருப்பாங்க. குளிர் காய்ச்சல் வந்தா உடனே கொண்டாந்துடணும்."

பை போனது. கண்ணில் மஞ்சள் தெளிந்தது. கார்த்திகையில் லோகநாயகி திரும்பவும் கூடை தூக்கினாள்.

மார்கழியில் 'தானே' புயல் அடித்தது. கூரை பறந்தது, படகு பிளந்தது. அது ஓய்ந்த மறுநாளே அவளுக்குக் குளிர் காய்ச்சலில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. சாலையெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. பஸ் இல்லை, போனும் கிடைக்கவில்லை. சாமிக்கண்ணு தெரிந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தான். ஒருவழியாக அவள் தம்பி அய்யனார் பைக்கோடு வந்தான்.

"நடுவுல உக்கார வைங்க மாமா. நீங்க பின்னால புடிச்சிக்குங்க."

வண்டி போகாத இடத்திலெல்லாம் இறங்கி, மரத்துக்கு மேலே அவளைத் தூக்கிக் கொடுத்து வாங்கினார்கள்.

சிதம்பரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது குழாய் அடைத்துச் சீழ் பிடித்து, ரத்தத்திலும் கலந்திருந்தது. விலாவில் மறுபடி துளையிட்டார்கள். பொங்கல் கழிந்து வெகுநாள் ஆன பிறகுதான் எழுந்து உட்கார்ந்தாள்.

"திரும்ப உள்ள குழாய் வைக்க முடியாதுங்களா?" என்று அவளே கேட்டாள்.

"வைக்கலாம்மா. ஆனா ஈரலே கெட்டியாப் போச்சு. குழாய் வச்சி அதச் சரி பண்ண முடியாது. ஈரல மாத்தணும், மெட்ராஸ்லதான்." டாக்டர் சொன்ன விதத்திலேயே அது தங்களுக்கு ஆகாது என்று இருவருக்கும் புரிந்தது.

பஸ் ஸ்டாண்டில் அவள் சொன்னாள்: "இனிமே ஆஸ்பத்திரி வேணாம்யா. வூட்லயே இருந்துக்கிறேன்."

திட்டுவான், ஏன் இப்படிப் பேசுற என்று கேட்பான் என எதிர்பார்த்தாள். சாமிக்கண்ணு பஸ் வரும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தைத் துண்டால் துடைத்தான்.

"சரி" என்றான்.

கடலூர் பஸ் வந்தது. அவன் முண்டியடித்து ஏறி, அவளுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்தான்.