உட்காரச் சொல்லாதீர்கள்

உலகத்திலேயே எனக்குப் பிடிக்காத வார்த்தை 'உட்காரும்மா'. சொல்பவர்கள் எல்லாரும் நல்லவர்கள், அதுதான் கூடுதல் எரிச்சல். இடுப்பில் நரம்பு நசுங்கியதிலிருந்து நிற்பேன், நடப்பேன், படுப்பேன். வலி எப்போதும் கூடவே இருக்கும். ஆனால் உட்கார்ந்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் இடது காலில் கொள்ளிக்கட்டையை வைத்ததுபோல் எரியும். தொண்டை வற்ற விளக்கியிருக்கிறேன். கேட்டுவிட்டு, "அய்யோ பாவம்" என்று மறுபடியும் நாற்காலியைத்தான் இழுத்துப் போடுவார்கள்.

குடிநீர்க் குழாய்ப் பராமரிப்புப் படிப்பைக் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றே படித்தேன். ஜன்னல் விளிம்புதான் என் மேசை. கூடப் படித்தவர்கள் 'கொடிக்கம்பம்' என்று பெயர் வைத்தார்கள். நான் சுவரில் சாய்ந்துவிட்டால், "இன்னைக்கு அரைக்கம்பம்டா!" என்பார்கள். அவர்களோடு நானும் சிரிப்பேன். கல்லூரி முதல்வரோடுதான் சிரிக்க முடியவில்லை. "வீட்டுல இருந்தபடியே ஏதாவது படிக்கலாமேம்மா, எதுக்கு இந்தக் கஷ்டம்?" என்றார் அவர். அம்மாவும் அதையே மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்.

"வீட்டுல இருந்தா வலிக்காதாம்மா?" என்று கேட்டேன். எங்கே இருந்தாலும் வலிக்கத்தான் போகிறது. பிடித்த இடத்தில் வலித்துத் தொலையட்டுமே!

எனக்குப் பிடித்தது கசிவு கண்டுபிடிக்கும் வேலை. தெருவுக்கு அடியில் குழாய் எங்கேயோ விரிசல் விட்டிருக்கும், மேலே பொட்டு ஈரம் தெரியாது. நீளமான இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து, நடந்து நடந்து கேட்க வேண்டும். கசியும் இடம் நெருங்க நெருங்க 'உஸ்' என்ற சத்தம் கூடும். நிற்க வேண்டும், நடக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கென்றே அமைந்த வேலை.

படிப்பு முடிந்து குடிநீர் வாரியத்தில் வேலையும் கிடைத்தது. முதல் நாளே பொறியாளர் என்னைப் புகார் பதிகிற மேசைக்கு அழைத்துப் போனார். அங்கே மெத்தை வைத்த புது நாற்காலி ஒன்று இருந்தது.

"என் கைக்காசு போட்டு வாங்கினதும்மா. வெயில்ல அலையாம ஜம்முனு இங்க உக்காந்துக்கோ."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "நாற்காலில நீங்க உக்காருங்க சார். எனக்குத் தெருவைக் குடுங்க."

"அடம் பிடிக்காதம்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நான் அசையவில்லை. கடைசியில் அவரே இறங்கி வந்தார். "சரி, ஒரே ஒரு தெரு. சரிப்பட்டு வரலைன்னா மேசைதான். அப்புறம் பேச்சே கிடையாது."

மறுநாள் விடியற்காலை, வண்டிகள் ஓடத் தொடங்கும் முன், குழாயில் நூலாகத் தண்ணீர் வருகிற ஒரு தெருவுக்குப் போனோம். நான், பொறியாளர், பள்ளம் தோண்டுகிற அண்ணன். பாதித் தெரு கேட்டு முடிக்கும்போது இடுப்பைச் சுண்டி இழுத்தது. கம்பியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே ரோட்டில் மல்லாந்து படுத்தேன்.

நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் ஓடி வந்தார். "மயக்கம் போல இருக்கு, தூக்கி உக்கார வைங்க!"

"யாராவது உக்கார வெச்சீங்க, கடிச்சிடுவேன்!" என்று கத்தினேன்.

வலி ஒரு ஆட்டம் ஆடி அடங்கியதும் எழுந்து, விட்ட இடத்திலிருந்து கேட்டேன். ஒரு இடத்தில் சத்தம் காதைப் பிய்த்தது. சாக்கட்டியால் குறி போட்டு, "இங்கதான் சார்" என்றேன்.

அண்ணன் தோண்டினார். குழாய் வந்தது. சுற்றிலும் மண் காய்ந்து கிடந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

பொறியாளர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "பரவால்லம்மா. இவ்வளவு வலியோட வேலை பார்த்தா இப்படித்தான் ஆகும். உன் மேல தப்பே இல்ல."

வந்ததே எனக்குக் கோபம்!

"என் மேலதான் சார் தப்பு! வர்ற வழியில அண்ணன் சொன்னாரே, போன வாரம் நம்ம ஆபீஸ் சீனியர் குறி போட்டு எத்தனை குழி வீணாப் போச்சுன்னு? அவர் இடுப்பைப் பத்தி யாராவது விசாரிச்சீங்களா? அவர் பண்ணினா தப்பு, நான் பண்ணினா வலியா? நான் கவனிக்காம விட்டேன் சார். என் தப்பை என்கிட்டயே குடுங்க!"

அண்ணன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பொறியாளர் முகம் கறுத்துவிட்டது. குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது என்ன?"

"குழாய் வளைவு சார்."

"வளைவுல சத்தம் ஏமாத்தும்னு படிச்சியா, இல்லையா?"

"படிச்சேன் சார்."

"படிச்சுக் கிழிச்சே! வரைபடத்தைப் பார்க்காம குறி போடுவியா? நல்ல ரோட்டைக் கொத்திப் போட்டிருக்கே! மூளையை வீட்டுல கழட்டி வெச்சிட்டு வந்தியா?"

தெருவே கேட்கும்படி கத்தினார். மாடி ஜன்னல் ஒன்று திறந்தது. இடுப்பில் இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருந்தது, அவமானத்தில் காது வேறு சூடாகிவிட்டது. ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த வலி வந்த நாளிலிருந்து ஒரு மனுஷரும் என்னை இப்படித் திட்டியதில்லை.

"என்ன இளிப்பு? போ, வளைவு தாண்டி அந்தப் பக்கம் கேளு. இன்னொரு குழி வீணாச்சு, தோலை உரிச்சிடுவேன்!"

"சரி சார்!" என்று கம்பியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வளைவைத் தாண்டிப் போனேன்.