கழுத்தில் தூக்காத கோட்டு

விபத்து எப்படி நடந்தது என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. ரொட்டி ஏற்றும் வேனை ஓட்டி வந்தவர் போனில் பேசிக்கொண்டே பின்னால் எடுத்தார். கோர்ட்டுக்கு எதிரே தையல்கடை வைத்திருந்த கோட்டு மாஸ்டரின் வலது கை வேனுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மூன்று விரல்கள் இனி மடங்காது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். தப்பு வேன்காரருடையதுதான் என்று கீழ்க் கோர்ட்டும் சொல்லிவிட்டது. கையில் இருக்கும் வெற்றியைத் தோற்பதற்கு ஒரு தனி வாய் வேண்டும். அந்த வாய் மாஸ்டரிடம் இருந்தது.

நஷ்டஈடு எவ்வளவு என்று கீழ்க் கோர்ட்டில் விசாரித்த அன்றைக்குக் கூண்டில் ஏறி நின்று பார்த்தால் எதிரே வரிசையாகக் கறுப்புக் கோட்டுகள். பாதி அவர் கடையில் தைத்தவை. கேள்வி கேட்க எழுந்த இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீலே பழைய வாடிக்கையாளர்தான்.

"கை வேலைக்கு ஆகாதுன்னு சொல்றீங்களே மாஸ்டர், அடிபட்டதுக்கு அப்புறம் எனக்கு ஒரு கோட்டு வந்துச்சே. அதை யாரு தைச்சது?"

அத்தனை கோட்டுகளும் தன்னையே பார்ப்பது மாஸ்டருக்குத் தெரிந்தது. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"வேற யாரு? நான்தான். இந்தத் தொழில்ல என் கையை அடிச்சுக்க ஆளே இல்லீங்க."

அவருடைய வக்கீலம்மா தலையில் அடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிச் செலவு மட்டும் கிடைத்தது. தொழில் போனதற்கு ஒன்றும் இல்லை. தொழில் போகவில்லை என்று அவரே சொல்லிவிட்டாரே!

அப்பீல் போட்ட பிறகு வக்கீலம்மா ஒருநாள் கடைக்கு வந்தார். மாஸ்டர் கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு முன்னால் கம்பீரமாக நின்றார். திரைக்குப் பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வக்கீலம்மா சட்டென்று திரையை விலக்கினார். மாஸ்டரின் மனைவி ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் துணியைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"வெட்டறது, தைக்கறது எல்லாம் அக்காதானா? இதை ஏன் சார் அன்னிக்கே சொல்லல?"

"சொன்னா இந்தத் தெருவுல எனக்கு என்ன மரியாதை இருக்கும்? மாஸ்டர்னு எவன் கூப்பிடுவான்?"

"அக்கா இடுப்பு ஒடியுது, உங்களுக்கு மரியாதை கேக்குது! அப்பீல்ல புதுசா சாட்சி விட மாட்டாங்க சார். பழைய காகிதத்தை வச்சுதான் பேசணும். அந்தக் காகிதம் முழுக்க உங்க வாய்தான் இருக்கு."

மனைவி மெஷினை நிறுத்தவில்லை. "பணம் வந்தா ஒரு ஆளை வேலைக்கு வச்சுக்கலாம்னு பார்த்தேன். பரவாயில்ல விடுங்க" என்றார். அந்தப் 'பரவாயில்ல' மாஸ்டரை இரண்டு நாள் சரியாகச் சாப்பிட விடவில்லை.

மேல் கோர்ட்டில் இரண்டு நீதிபதிகள். புதுச் சாட்சிக்கு அனுமதி கேட்டு வக்கீலம்மா மனு கொடுத்திருந்தார். கூடவே கூடாது என்று கம்பெனி வக்கீல் குதித்தார். அத்தோடு உட்கார்ந்திருந்தால் ஜெயித்திருப்பார். அவருக்கும் ஒரு வாய் இருந்தது. பையிலிருந்து ஒரு பழைய கோட்டை எடுத்துத் தூக்கிக் காட்டினார்.

"ஐயா, பேச்செதுக்கு? இதோ, இது விபத்துக்கு முன்னாடி தைச்சது, பின்கழுத்துல தூக்கும். இப்போ நான் போட்டிருக்கிறது விபத்துக்கு அப்புறம் தைச்சது. பாருங்க, அப்படியே ஒட்டி நிக்குது. கை கெட்டுப் போகல ஐயா, முன்னைவிட நல்லா ஆயிருக்கு!"

கோர்ட்டே சிரித்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை. பழைய கோட்டு கழுத்தில் தூக்கும் என்று இத்தனை வருஷத்தில் ஒரு பயல் அவரிடம் சொன்னதில்லை.

மூத்த நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "புதுச் சாட்சி கூடாதுன்னு சொல்லிட்டு நீங்களே ரெண்டு கோட்டைக் கொண்டு வந்துட்டீங்க. அப்போ அந்தப் பக்கத்தையும் கேட்டாகணுமே. எங்க அந்தத் தையல்காரர்? சொல்லுங்க, இந்தப் புதுக் கோட்டை நீங்களா தைச்சீங்க?"

மாஸ்டர் எழுந்தார். முன்னால் அதே கறுப்புக் கோட்டுகள். கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். மனைவி இடுப்பில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். சொல்ல வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையை ஆட்டினார். கிடைக்கப்போகும் பணத்தைவிட இவருடைய மானத்தைக் காப்பாற்றத்தான் பார்க்கிறாள்! மாஸ்டர் நீதிபதி பக்கம் திரும்பினார்.

"நான் தைக்கலீங்க. என் சம்சாரம் தைச்சது."

"அப்போ கீழ்க் கோர்ட்டுல சொன்னது பொய்யா?"

"வீம்புங்க."

"அதுக்கும் பொய்னுதான் பேரு. சரி, அவங்க தைச்சதுன்னு எப்படி நம்பறது?"

"ரெண்டு கோட்டுலயும் உள்பக்கம் லைனிங்கைப் பாருங்கய்யா. அது கைத்தையல். பழசுல தையல் ஒரு பக்கமா சாஞ்சிருக்கும். புதுசுல எதிர்ப்பக்கம் சாயும். அவ இடது கைக்காரிங்க."

கம்பெனி வக்கீல் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறும் சட்டையோடு நின்றார். நீதிபதிகள் இரண்டையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். சொன்னது சொன்னபடி இருந்தது.

"அப்படியே இருந்தாலும் கடைக்கு வருமானம் குறையலையே ஐயா" என்று சட்டையோடு நின்றவர் கடைசியாக ஒரு பிடி பிடித்துப் பார்த்தார்.

"அந்தம்மா இடுப்பொடிய உழைச்சதுக்கு வேன்காரருக்குத் தள்ளுபடியா? உட்காருங்க."

தொழில் போனதற்கும் சேர்த்துப் பணம் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. வக்கீலம்மா கடைக்கே வந்து படித்துக் காட்டினார். 'பின்னர் தைத்த கோட்டு முந்தையதைவிடச் சிறந்தது என்று எதிர்த்தரப்பே ஒப்புக்கொள்வதால், அது மேல்முறையீட்டாளர் கையால் தைத்ததல்ல என்பது தெளிவாகிறது.'

"அந்த வரியை இன்னொரு தடவை படிங்க" என்றார் மனைவி.

வக்கீலம்மா மாஸ்டரைப் பார்த்தார். "படிங்க, படிங்க. கோர்ட்டே முத்திரை குத்திக் கொடுத்திருக்கு, நான் என்னத்தைச் சொல்ல!" என்றார் மாஸ்டர்.

அடுத்த வாரம் புது ஆள் இரண்டாவது மெஷினில் உட்கார்ந்தார். திரையைக் கழற்றியாகிவிட்டது. கம்பெனி வக்கீல் அந்தப் பழைய கோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாஸ்டரைத் தாண்டி நேராக உள்ளே பார்த்தார்.

"அம்மா, இந்தக் கழுத்தைக் கொஞ்சம் சரி பண்ணிக் கொடுங்களேன்."

"காலரை முழுசாப் பிரிச்சாகணுமே" என்ற மனைவி மாஸ்டரைப் பார்த்தார். அது அவர் தைத்த காலர்.

மாஸ்டர் தன் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து மனைவியிடம் கொடுத்தார். கோட்டை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார்.

"பிரிக்கறதுக்கு இடது கை போதும்மா, கொடு அந்த பிளேடை."

ஒவ்வொரு தையலாக அறுத்தார். பாவி மனுஷன், அந்தக் காலத்தில் அவ்வளவு கெட்டியாகத் தைத்து வைத்திருந்தார். பிரித்து முடிக்கவே சாயங்காலம் ஆகிவிட்டது.